கறுப்புக் கரையில் ஒரு பல்

சின்னவள் அந்த என்லார்ஜரை ஆசைப்பட்டு வாங்கவில்லை. வன்மத்தில் வாங்கினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருத்தி பழைய சாமான் கடையில் துருப்பிடித்த இரும்புத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஐயோ பாவம், பழைய நினைப்பில் உருகுகிறாள் என்று யாராவது தப்புக்கணக்குப் போட்டுவிடுவார்கள்.

கடைக்காரர் அப்படித்தான் போட்டார்.

"இது என்னம்மா, ஜூஸ் பிழியிற மிஷினா? நாலு வருஷமா கெடக்கு. வர்றவங்க எல்லாம் என்னன்னு கேக்கறாங்க, ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க பார்த்த உடனே கழுத்தைப் புடிச்சிட்டீங்களே!"

"கழுத்தைப் புடிக்க வேண்டிய ஆள் வேற. இது சும்மா ஒத்திகை" என்றாள் அவள்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திருகைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். திருகில் சைக்கிள் ட்யூப் ரப்பர் சுற்றியிருந்தது. விரல் வழுக்காமல் இருக்க முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அதைச் சுற்றியவள் அவள்தான். ரப்பர் வெடித்துப்போயிருந்தாலும் பிடி விடவில்லை. தலைப்பக்கம் விளக்கு இல்லை, துருத்தியில் இரண்டு கிழிசல், லென்ஸில் பூஞ்சை. ஆனால் நெகட்டிவைப் பிடித்துக்கொள்ளும் தகடு உள்ளே பத்திரமாக இருந்தது. அது போதும். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு, ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றி, வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக வைத்து வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

என்லார்ஜர் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மேலே விளக்கு, விளக்குக்குக் கீழே நெகட்டிவ், அதற்கும் கீழே லென்ஸ். விளக்கைப் போட்டால் தீப்பெட்டி அகல நெகட்டிவ் கீழே பலகையில் இருக்கும் பேப்பரில் பெரிதாக விழும். அந்தப் பேப்பரை மருந்தில் போட்டால் படம். அவளுடைய பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரைக்கும் இந்த மிஷினின் முன்னால்தான் நின்றாள். மிஷின் அவளுடைய அத்தானுடையது, அதாவது அக்கா புருஷனுடையது. வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவும் அவருடையது. வீட்டில் அக்காவைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தலை நரைத்த பிறகும் சின்னவள் சின்னவள்தான்.

அத்தான் வெளியே போய்க் கல்யாணம் காட்சி என்று படமெடுப்பார். இவள் இருட்டறையில் பிரிண்ட் போடுவாள். பிரிண்ட் மங்காமல் இருக்கக் கடைசியில் போட்டெடுக்கும் ஹைப்போ மருந்தின் வாசனை அத்தானுக்கு ஆகாது. இருட்டறை வாசலைத் தாண்டினாலே தும்முவார். ஆகவே தாண்டமாட்டார். 'கை தேர்ந்த பிரிண்ட்' என்று வாடிக்கையாளர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தக் கைக்கும் பிரிண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

அதெல்லாம் அவளுக்கு வலிக்கவில்லை. வலித்தது ஒரே ஒரு படம்.

ஸ்டுடியோவின் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மில்லின் வாசல். ஒரு நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் மழை கொட்டியது. நூறு இருநூறு பேர் தலையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். நட்டநடுவில் ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் குடைபோலத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள், உள்ளங்கை அகல மூடி தன்னைக் காப்பாற்றிவிடும் என்பதுபோல. சின்னவள் தன்னுடைய சொந்தக் கேமராவில், ஐந்தாம் கைக்கு வந்த பழைய பெட்டியில், ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

பிலிமைக் கழுவிக் கிளிப்பில் காயப் போட்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து வெளியூரிலிருந்து வந்த அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாயிருக்கே" என்றார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறொரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, அடுத்த மாதம் அது ஒரு பத்திரிகையில் அவர் பெயரில் வந்தது. பிறகு பரிசு. பிறகு காலண்டர். பிறகு புத்தக அட்டை. அவர் பெயரைச் சொன்னால் அந்தப் படம், அந்தப் படத்தைச் சொன்னால் அவர் பெயர் என்று ஆகிவிட்டது.

அவள் போய்க் கேட்டாள்.

"ஸ்டுடியோ ஜன்னல், ஸ்டுடியோ மருந்து, ஸ்டுடியோ பிலிம். இதுல உன்னோடது என்ன இருக்கு, விரலா?" என்றார் அத்தான்.

"சரி, நெகட்டிவையாவது குடுத்துடுங்க."

"நெகட்டிவ் என்கிட்டதானே இருக்கு? எங்க ஓடிப் போகப் போகுது? என்ன அவசரம்?"

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவளைப் பெற்றவள் ஓடிவந்து வாயைப் பொத்தினாள். "அக்கா வாழ்க்கைடி. மாசமா இருக்கா. ஒரு படத்துக்காக அவ குடியைக் கெடுத்துடாதே." பெரியவள் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவளுக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று சின்னவள் அப்போது நினைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பிலிம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் அதே இருட்டு, அதே சிவப்பு விளக்கு, அதே ஹைப்போ. அங்கே யாரும் அவள் கழுவிய எலும்பைத் தன் எலும்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

'என்ன அவசரம்' என்ற வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. நல்ல நாள் பெரிய நாளில் அத்தானைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு 'சௌக்கியமா' என்பாள். மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மன்னித்தால் மனசு லேசாகும் என்று ஒருவர் புத்தி சொன்னார். மனசு லேசாகி நான் எங்கே பறக்கப் போகிறேன் என்று அவரிடம் கேட்டாள்.

எக்ஸ்ரே அறையில் இருந்தபோதுதான் அந்த விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. ஒரு நாள் டாக்டர் ஒரு படத்தை விளக்கில் மாட்டி, "இங்க ஒரு கீறல் இருக்கே, எலும்பு விட்டிருக்கு போல" என்றார். சின்னவள் எட்டிப் பார்த்தாள். "எலும்பு இல்ல டாக்டர். பிலிம் வைக்கிற பெட்டியில மூலை விட்டிருக்கு. அந்தப் பெட்டியில எடுத்த எல்லாப் படத்துலயும் இதே இடத்துல இதே கீறல் இருக்கும்" என்று முந்தின நாள் படங்கள் நான்கை எடுத்துக் காட்டினாள். நான்கு வெவ்வேறு ஆட்கள், ஒரே கீறல். டாக்டர் அசந்துபோனார். அவளும் அசந்துபோனாள், ஆனால் வேறு காரணத்துக்கு. கையில் படத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ஏனென்றால் அவளுடைய கேமராவுக்குள்ளும் ஒரு விள்ளல் இருந்தது. எந்தக் கேமராவைத் திறந்தாலும் பிலிமுக்கு முன்னால் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னல் என்ன வடிவமோ அதுதான் படத்தின் வடிவம். ஷட்டர் சிக்கிக்கொண்ட ஒரு நாளில் சின்னவள் அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதில் ஜன்னலின் ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு உடைந்துவிட்டது. அதற்காக அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அந்தக் கேமராவில் எடுத்த எந்தப் படத்திலும் வலது மேல் ஓரத்தில் ஒரு குட்டிப் பல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை. என்லார்ஜரின் தகடு நெகட்டிவின் ஓரத்தைச் சுற்றிலும் மறைத்துக்கொள்ளும். பல் தகட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

தகட்டின் வாயை அரத்தால் தேய்த்துப் பெரிசாக்கினால் ஒளிய முடியாது. நெகட்டிவின் ஓரம் முழுக்கப் பேப்பரில் விழும்; படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை வரும்; அந்தக் கரைக்குள் பல் வெள்ளையாகத் தெரியும்.

தெரிந்து என்ன செய்வது? நெகட்டிவ் அவரிடம். அவள் காத்திருந்தாள்.

கடைக்குப் போன அன்றைக்குக் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் அத்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது நிறைவு, நகர அரங்கில் கண்காட்சி, முப்பது படங்கள். 'எல்லாமே நெகட்டிவிலிருந்து கையால் போட்ட பிரிண்டுகள். இன்றைக்கும் என் இருட்டறையில் என் கையாலேயே போடுகிறேன்' என்று பேட்டி. சின்னவள் சத்தமாகச் சிரித்தாள். அந்த இருட்டறையில் இப்போது அவர் மகன் செல்போன் உறைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறான். என்லார்ஜரை நாலு வருஷத்துக்கு முன்னாலேயே எடைக்குப் போட்டாயிற்று. எந்தக் கடையில் போட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டொரு நாளில் மிஷினைத் தேடிக்கொண்டு அந்தக் கடைக்குப் போகத்தான் போகிறார். அவருக்கு முன்னால் போய்விட வேண்டும். அன்றைக்கு மத்தியானமே போனாள்.

பிறகு ஒரு வாரம் அவளுக்கு வேலை சரியாக இருந்தது. தலையில் புது விளக்கு மாட்டினாள். துருத்தியின் கிழிசலைக் கறுப்பு டேப்பால் ஒட்டினாள். லென்ஸைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தாள். குளியலறை ஜன்னலை அட்டையும் கம்பளியும் வைத்து அடைத்தாள். துணி துவைக்கிற மிஷினின் மேல் பலகை போட்டு டிரேக்களை வரிசையாக வைத்தாள். ஆஸ்பத்திரி பழசாகிவிட்டதென்று தூக்கிப்போட்ட சிவப்பு விளக்கு அவளிடம் இருந்தது. கடைசியாகத் தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு அரத்தால் தேய்த்தாள். அவசரமே படவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வசவு. ஓரம் வழவழவென்று வரும்வரைக்கும் அவளுக்கு வசவும் தீரவில்லை.

எட்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"உன்கிட்டயா இருக்கு அந்த மிஷின்? கடைக்காரர் சொன்னாராம். அத்தான் வரேங்கறார்."

"தாராளமா வரச் சொல்லு. படி ஏறுறப்ப பார்த்து ஏறச் சொல்லு" என்றாள் சின்னவள், தேன் ஒழுக.

அத்தான் மூச்சு வாங்க மேலே வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "இத பாரு சின்னவளே, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதே. மிஷினைக் குடுத்துடு. உனக்கு வேற எது வேணுமோ வாங்கித் தரேன்."

"மிஷினை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான்? உள்ள போனா தும்முவீங்க. படத்தைக் கொண்டாங்க, நான் போட்டுத் தரேன். வெளியில உங்க கையால போட்டதுன்னே சொல்லிக்குங்க. எனக்கென்ன வந்தது?"

அத்தான் மீதித் தண்ணீரையும் குடித்து டம்ளரை வைத்தார். வேறு வழி இருந்தால் எழுந்து போயிருப்பார். இல்லை. மறுநாள் இருபத்தொன்பது நெகட்டிவ் வந்து சேர்ந்தது. அந்த ஒன்றைத் தவிர. "அதுக்குப் பழைய பிரிண்டே இருக்கு, அது போதும்" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சின்னவள் வற்புறுத்தவில்லை. தூண்டிலைப் போட்டவள் தண்ணீரைக் கலக்க மாட்டாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் நேரம் மட்டும் நிறுத்துவாள். மோட்டார் அதிர்வில் படம் கலங்கிவிடும். பேப்பரும் மருந்தும் கண்காட்சிக்காரர்கள் அத்தானிடம் வரவழைத்துக் கொடுத்தார்கள். இருபத்தொன்பது படங்களையும் அவள் தன் வாழ்நாளில் போட்ட மிகச் சிறந்த பிரிண்டுகளாகப் போட்டாள். எதிரிக்கு இத்தனை உழைப்பா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் எல்லாமே ஒன்றுபோல இருந்தால்தான் இல்லாத ஒன்று உறுத்தும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "கரை போட்டிருக்கியே, பிரமாதமா இருக்கு!"

"நான் போடலை அத்தான். ஓரத்துல எதையும் வெட்டாம முழுசாப் போட்டா தானா வரும்."

"வெட்டாம... அப்படியா? அதான், நான் எப்பவும் வெட்டுறதே இல்ல பாரு. கண்ணு அவ்வளவு சுத்தம்." அந்த நிமிஷத்திலிருந்து அது அவருடைய கொள்கை ஆகிவிட்டது. கண்காட்சிப் பொறுப்பாளரிடமும் அதையே சொன்னார். பொறுப்பாளர், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் மாட்டியிருக்கும் கெட்டிக்காரப் பெண், குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்டு, அந்த முப்பதாவது படத்தின் பழைய பிரிண்டைக் கையில் எடுத்தாள். "சார், இதுல கரை இல்லையே? அளவும் சின்னது. நடுச்சுவர்ல மாட்டப் போறது இதைத்தான். இது மட்டும் வெட்டின படமா?" என்றாள்.

இரண்டாம் நாள் அத்தான் அந்த நெகட்டிவோடு வந்தார். சட்டையின் உள்பையிலிருந்து எடுத்தார். "நான் இங்கயே உக்கார்ந்திருக்கேன். போட்டுட்டு உடனே கையில குடுத்துடு" என்றார்.

"உக்காருங்க. டீ போட்டு வெச்சிருக்கேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முப்பத்தைந்து வருஷம் கழித்து அவளும் அவளுடைய நெகட்டிவும் ஒரே அறையில். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு பிளேடு போதும், குறுக்கே ஒரு கோடு. இல்லையென்றால் ஹைப்போவில் பாதி நேரத்திலேயே எடுத்துவிடலாம். மாட்டும்போது பளிச்சென்று இருக்கும், ஆறு மாதத்தில் காவியேறித் திட்டுத்திட்டாகப் போகும். அழிக்கிற வழியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இது அவருடையது இல்லையே, எரிப்பதற்கு. அவளுடையது.

தகட்டில் பொருத்தினாள். விளக்கைப் போட்டாள். பேப்பரை மருந்தில் விட்டு டிரேயை மெல்ல ஆட்டினாள். முதலில் கரை வந்தது, சதுரமாக, கறுப்பாக. பிறகு குனிந்த தலைகள். பிறகு மூடியைப் பிடித்த கை. பிறகு அந்தச் சிரிப்பு. வலது மேல் மூலையில், மழை வானத்திலிருந்து கறுப்புக் கரைக்குள் நீட்டிக்கொண்டு, ஒரு பால் பல் அளவுக்கு வெள்ளையாக, அது. சின்னவள் வாயைக் கையால் அழுத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ரத்தம் கொதித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்து ஹைப்போவில் முழு நேரமும் வைத்திருந்தாள், ஒரு வினாடி குறைக்காமல். இந்தப் படம் மங்கக் கூடாது.

ஈரம் சொட்டும் பிரிண்டை வெளியே கொண்டுவந்து காட்டினாள். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் கண் நடுவிலேயே, அந்தப் பெண்ணின் முகத்திலேயே நின்றது. ஓரத்தைப் பார்ப்பது பிரிண்ட் போடுகிறவளின் வேலை. அந்த வேலையை அவர் ஒரு நாளும் செய்ததில்லை. "என்ன ஒரு படம்!" என்றார் பெருமூச்சோடு. அந்தப் பெருமூச்சில்கூட ஒரு கூச்சம் இல்லை. நெகட்டிவை உறையில் போட்டு மரியாதையாகக் கையில் கொடுத்தாள்.

"அத்தான், எழுபது வயசு. ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கண்காட்சிக்கு என் பரிசா இருக்கட்டும்."

அவள் எடுத்துவந்த கேமராவைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பெட்டி இன்னும் உயிரோட இருக்கா? யாரையும் தொட விட மாட்டியே! நான் ஒரு தடவை கேட்டதுக்கே கடிக்க வந்தே."

"ஆமா அத்தான். இன்னிக்கு வரைக்கும் வேற யார் கையும் படலை. இப்படி நில்லுங்க. ஜன்னல் உங்களுக்கு இந்தப் பக்கம் இருக்கணும்." வலது மேல் மூலையில் வெளிச்சம் வருகிற மாதிரி அவரை நிறுத்தினாள். குளியலறையிலிருந்து அவள் வெளியே கொண்டுவந்து வைத்த என்லார்ஜரின் மேல் அவர் கையைப் போட்டுக்கொண்டு தாடையைத் தூக்கினார். அவள் ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

கண்காட்சி காலை பதினோரு மணிக்கு. அரங்கு நிறைந்திருந்தது. காதோரம் நரைத்த பத்திரிகைப் போட்டோகிராபர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நடுச்சுவரில் அந்தப் படம். அதற்குப் பக்கத்திலேயே அத்தான் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். அங்கேதான் மாட்ட வேண்டும் என்று அவரே நின்று மாட்டவைத்திருந்தார். பெரியவள் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அத்தான் மைக்கைப் பிடித்தார். "நான் படத்தை வெட்டுறவன் இல்ல. அந்தக் கறுப்புக் கரையே சாட்சி. இங்க இருக்கிற முப்பதும் என் கேமரா, என் கண்ணு. இதோ இந்த ஒண்ணு மட்டும் என் மச்சினி எடுத்துக் குடுத்த பரிசு. அவகிட்ட ஒரு கேமரா இருக்கு பாருங்க, அந்தக் காலத்துப் பெட்டி. வாங்கின நாள்ல இருந்து அவ கையைத் தவிர வேற கை பட்டதில்ல. என் கையே பட்டதில்ல!" கூட்டம் சிரித்தது. கைதட்டியது.

கைதட்டல் ஓய்கிறவரைக்கும் சின்னவள் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"அத்தான், ஒரு சின்ன சந்தேகம்" என்று முன்னால் வந்தாள். "நான் எடுத்த படத்துல வலது பக்கம் மேல, கரைக்குள்ள வெள்ளையா ஒரு பல் நீட்டிக்கிட்டு இருக்கு. அது என் கேமராவோட பல். உள்ள ஜன்னல் ஓரம் விட்டிருக்கு. எத்தனை எடுத்தாலும் அதே இடத்துலதான் வரும்." கேமராவின் பின்கதவைத் திறந்து பொறுப்பாளரிடம் நீட்டினாள். "உங்களோட இருபத்தொம்பது படத்துலயும் கரை நேரா இருக்கு. அதே மிஷின், அதே தகடு, போட்டதும் நான்தான். அப்ப இந்த மழைப் படத்துல மட்டும் என் கேமராவோட பல் எப்படி அத்தான் வந்துச்சு?"

பொறுப்பாளர் சங்கிலியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கேமராவுக்குள் பார்த்தாள். அத்தான் படத்தைப் பார்த்தாள். மழைப் படத்தைப் பார்த்தாள். பிறகு மற்றப் படங்களின் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே சுவரோடு சுவராக ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிவந்தாள். நரைத்த போட்டோகிராபர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து கேமராவுக்குள் குனிந்து பார்த்து, நிமிர்ந்து சுவரைப் பார்த்து, அடுத்தவருக்கு வழி விட்டார்கள். சாவு வீட்டு வரிசை மாதிரி இருந்தது. சின்னவள் அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் இமைப்பைக்கூட வீணாக்க அவளுக்கு மனமில்லை. முப்பத்தைந்து வருஷப் பசி.

"அன்னிக்கு... அன்னிக்கு உன் கேமராவை வாங்கி நான் எடுத்திருப்பேன்" என்றார் அத்தான்.

"உங்க கையே பட்டதில்லன்னு இப்பத்தானே சார் மைக்ல சொன்னீங்க?" என்றார் ஒரு பத்திரிகைக்காரர். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அத்தானுக்கு வியர்த்தது. முதல் வரிசைப் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன். நீ அங்கதானே இருந்தே? நான்தானே எடுத்தேன்?"

பெரியவள் மெல்ல எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். "அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லீங்க" என்றாள். "வெளியூர்ல ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தீங்க. ஜன்னல்கிட்ட அவ நின்னா. மழை உள்ள அடிக்குதுன்னு துணி போடப் போன நான் அவ பின்னாலதான் நின்னேன்."

யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அத்தான் உட்கார்ந்தார். பொறுப்பாளர் மழைப் படத்தின் கீழே இருந்த பெயர் அட்டையை நகத்தால் நெம்பி எடுத்தாள். அந்தச் சத்தம், அட்டை சுவரை விட்டுப் பிரிகிற சின்னச் சத்தம், சின்னவளுக்குக் காதுக்குள் இனித்தது. புது அட்டையில் அவள் பெயரை எழுதி ஒட்டுகிறவரைக்கும் நகராமல் நின்றாள். யார் யாரோ வந்து கையைக் குலுக்கினார்கள். கடைசியில் அந்த ஹைப்போ வாசனை ஆகாத மனுஷனை மகன் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியவள் பக்கத்தில் வந்தாள். "இப்ப திருப்தியாடி?"

சின்னவள் அவளையே பார்த்தாள். திருப்தியாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம் முன்பு வரைக்கும். "நீ என் பின்னாலயா நின்னே?"

"ஆமா."

"முப்பத்தஞ்சு வருஷமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா."

"நீ என்னைக் கேக்கலையே. அவரைத்தானே கேட்டே" என்றாள் பெரியவள், அது ஒரு பதில் என்பதுபோல.

பழைய எரிச்சல் இப்போதுதான் அணைந்தது, இது புதுசு. அடுக்களையில் திரும்பாமல் பாத்திரம் தேய்த்த அந்த முதுகு கண் முன்னால் வந்து நின்றது. பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று எத்தனை வருஷம் அந்த முதுகுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். பையில் ஒரு பிலிம் ரோல் இருந்தது. எடுத்தாள். அவசரமில்லாமல் கேமராவில் பூட்டினாள்.

"அப்படியே நில்லு, அந்தப் படத்துக்கு அடியில" என்றாள். பெரியவள் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். என்ன நினைத்தாளோ, கண் கலங்கியிருந்தது. தங்கை மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருக்கலாம். சின்னவள் ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

மறுவாரம் பெரியவள் போன் செய்தாள். வீட்டில் அத்தான் யாரோடும் பேசுவதில்லை என்றாள், மகன் தன்னைத்தான் குறை சொல்கிறான் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அன்னிக்கு என்னை எடுத்தியே, அந்தப் படம் நல்லா வந்திருக்கா? எனக்கொண்ணு குடேன்டி" என்றாள்.

"நல்லா வந்திருக்கு."

"எப்ப குடுப்பே?"

சின்னவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே என்லார்ஜர் துணி போர்த்தி நின்றது.

"நெகட்டிவ் என்கிட்டதானே இருக்கு, அக்கா? எங்க ஓடிப் போகப் போகுது?" என்றாள். "என்ன அவசரம்?"